கால்மிதி இருந்த இடம்

உட்காருங்கள் சார். வீட்டில் இருப்பது ஒரே நாற்காலிதான், நீங்களே உட்காருங்கள். எனக்கு நின்றுகொண்டு பேசித்தான் பழக்கம். வேலை பார்த்த காலம் முழுக்க மரச்சாமான் கடையில் நின்றவள் நான். சுற்றிலும் சோபாவாகக் கிடக்கும், ஒன்றிலும் உட்காரக் கூடாது. டீ போட்டுத் தருகிறேன். கோப்பையும் ஒன்றுதான், அதனால் நான் அப்புறம் குடித்துக்கொள்கிறேன்.

நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். அக்கா மாடிப்படியில் விழுவதற்கு முன்னால் "கால்மிதி எங்க சின்னு?" என்று கேட்டது பக்கத்து வீட்டு டீச்சர் காதில் விழுந்திருக்கிறது. சின்னு என்றால் நான்தான். கண் தெரியாத பெண் ஒருத்தி படியில் உருண்டு விழப்போகிற நேரத்தில் எதற்காகக் கால்மிதியைக் கேட்க வேண்டும் என்பது உங்கள் குழப்பம். நியாயமான குழப்பம். சொல்கிறேன். ஆனால் அதை மட்டும் தனியாகப் பிய்த்துச் சொன்னால் புரியாது. வீடு முன்பு எப்படி இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கடையில் மாதிரி அறைகளை அமைப்பது என் வேலை. யாரும் படுக்காத கட்டிலுக்கு விரிப்புப் போடுவேன். யாரும் சாப்பிடாத மேஜையில் தட்டு வைப்பேன். வாங்க வருகிறவர்கள் அந்த அறைக்கு முன்னால் வந்ததும் நின்றுவிடுவார்கள், ஒரு பெருமூச்சு விடுவார்கள். அந்தப் பெருமூச்சுக்காகத்தான் நான் அத்தனை காலம் அங்கே இருந்தேன். எனக்கென்று இருந்தது ஒரு வாடகை அறை, அதில் அறையின் சொந்தக்காரர் போட்டு வைத்த இரும்புக் கட்டில். கடையை மூடியபோது அக்கா போனில் சொன்னாள், "இங்க வந்துடு சின்னு. அப்பா கட்டின வீடுதானே, உனக்கும் பாதி இருக்கு." அவள் அப்படித்தான். எப்போதும் கொடுக்கிற இடத்தில்தான் நிற்பாள்.

வந்து பார்த்தால் எள் போட இடமில்லை. அக்கா தையல்காரி. கண் போன பிறகு தையல் நின்றுவிட்டது, ஆனால் தையலைச் சேர்ந்த ஒரு சாமானும் வெளியே போகவில்லை. கூடத்திலிருந்து சமையலறைக்குத் திரும்புகிற மூலையில், அளவு பார்க்கிற துணிப் பொம்மை ஒன்று, தலையும் கையும் இல்லாமல் ஒற்றைக் காலில் நின்றது. சமையலறை வாசலில் பாசி கோத்த திரை. குளியலறைக்கு வெளியே ஒரு முக்காலி, அதன்மேல் பித்தான்கள் நிரம்பிய தகர டப்பா. மாடியில் அவள் படுக்கையறையிலிருந்து படி வரைக்கும் ஒரு நடை, அதன் ஓரமாகப் பிடி உடைந்த துணி அலமாரி. படி தொடங்குகிற இடத்தில், சொரசொரவென்று காலைக் குத்துகிற ஒரு நார்க் கால்மிதி. மாடியில் யாராவது கால்மிதி போடுவார்களா?

அக்காவுக்குக் கண் ஒரேயடியாகப் போகவில்லை. நரம்பில் அழுத்தம் என்றார் டாக்டர். ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி, கடைசியில் ஊசி முனை அளவு வெளிச்சம் இருந்து, அதுவும் போனது. போகப் போக அவள் இந்தச் சாமான்களுக்கெல்லாம் ஒவ்வொரு வேலை கொடுத்து வைத்திருந்தாள். பொம்மையின் தோளைத் தொட்டால் வலது பக்கம் திரும்ப வேண்டும். பாசித் திரை முகத்தில் பட்டால் அடுப்பு இருக்கும் அறை. டப்பா கலகலத்தால் குளியலறை. அலமாரியின் உடைந்த பிடி கையில் தட்டினால் நடையில் பாதி வந்தாயிற்று. கால்மிதி குத்தினால் நின்றுவிட வேண்டும், குனிந்து கைப்பிடியைத் தேட வேண்டும். அப்பா கட்டும்போது செய்த பிழை, எங்கள் படியில் கைப்பிடி ஒரு படி தள்ளித்தான் தொடங்குகிறது. மேலே நின்றபடி கையை நீட்டினால் வெறும் காற்றுதான்.

இதையெல்லாம் வந்த அன்றைக்கே அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். வீட்டைச் சுற்றிக் காட்டுகிற பெருமையோடு வேகமாக நடந்து காட்டினாள். துணிப் பொம்மைக்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தாள். "எப்பப் பாரு இங்கயே நின்னு கண்கொத்திப் பாம்பா பாக்குறா பாரு" என்று அதன் தோளில் தட்டிவிட்டுச் சிரித்தாள். ஆகவே, எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப் போவதில்லை. தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் போன் வீடியோவில் ஒரு அம்மாள் பேசுவதைக் கேட்க ஆரம்பித்தேன். வீட்டைச் சுத்தமாக வைப்பது பற்றிப் பேசுவார். அவர் சொன்ன வழி எளிமையானது. ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுக்க வேண்டும். இது எனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் இத்தனை நாள் இருந்ததற்கு நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டும். பயன்படுகிறதா என்பது கேள்வியே இல்லை, பயத்தில்தான் மனிதர்கள் பொருளைச் சேர்க்கிறார்கள் என்பார். அவருக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சுவர் இருக்கும், அதில் ஒரு ஆணிகூடக் கிடையாது. நான் அவரைவிட அந்தச் சுவரைத்தான் அதிகம் பார்த்தேன்.

ஒன்று சொல்லியாக வேண்டும். நான் எதையும் கேட்காமல் எடுக்கவில்லை. டீச்சர் உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு பொருளையும் அக்காவின் கையில் கொடுத்து, அவள் வாயால் பதில் வாங்கிய பிறகுதான் எடுத்தேன். பொம்மைக்கு முன்னால் அவளை நிறுத்தி, "இது உனக்குப் பிடிக்குமாக்கா?" என்று கேட்டேன்.

"மாமியாரை யாருக்குடி பிடிக்கும்?" என்றாள்.

விளையாட்டாகச் சொன்னாள். விளையாட்டு என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்ட கேள்விக்கு அதுதானே பதில். பழைய சாமான் வாங்குகிறவர் வண்டியோடு வந்து, "இந்தம்மாவுக்குத் தலை எங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டே தோளில் தூக்கிப் போனார். நான் வாசல் வரைக்கும் போய் நன்றி சொன்னேன். அக்காவுக்குத் தெரிந்தது சாயங்காலம், மூலையில் கையை நீட்டியபோது. ஒன்றும் தட்டுப்படாமல் நேரே போய்ச் சுவரில் மோதிக்கொண்டாள். நெற்றி புடைத்துவிட்டது. நான்தான் பனிக்கட்டி வைத்தேன். "நெஜமாவே அனுப்பிட்டியா?" என்று கேட்டாள். "நீதானே பிடிக்காதுன்னே" என்றேன். நெற்றியைத் தடவிக்கொண்டே, "ஆமா, நான்தான் சொன்னேன்" என்றாள். எதிலும் நியாயம் பேசுகிறவள் என் அக்கா.

அதற்குப் பிறகு கவனமாகப் பதில் சொன்னாள். ஆனால் பொய் சொல்ல அவளுக்கு வராது. பித்தான் டப்பாவைக் கையில் கொடுத்தால், "பிடிக்குமான்னு கேட்டா என்னடி சொல்றது? டப்பா. அது அங்க இருக்கணும், அவ்வளவுதான்" என்பாள். இருக்க வேண்டும் என்பதும் பிடிக்கும் என்பதும் ஒன்றா? நானும் அவளுக்குப் பொறுமையாக விளக்குவேன். அவள் கையில் இருக்கும் டப்பாவை மெதுவாக வாங்கிக்கொள்வேன். கொடுத்துவிடுவாள். அந்தப் பிடி தளர்கிற கணம் எனக்குப் பிடித்திருந்தது. கடையில் விளக்கைப் போட்டதும் மாதிரி அறை மினுங்குமே, கிட்டத்தட்ட அந்தச் சந்தோஷம்.

டப்பாவும் முக்காலியும் போன பிறகு ஒருநாள் குளியலறை எங்கே என்று தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டே சுற்றி, கூடத்திலேயே நனைத்துவிட்டாள். தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். பிள்ளைகளுக்கெல்லாம் சீருடை தைத்துக் கொடுத்தவள், ஊரே அக்கா அக்கா என்று தலையில் தூக்கி வைத்து ஆடியவள். "யாரு கிட்டயும் சொல்லிடாத சின்னு" என்றாள். நான் சொல்லவில்லை. இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன். தரையைத் துடைத்தேன், உடை மாற்றிவிட்டேன், ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. வெறும் தரையில் துடைப்பது எவ்வளவு சுலபம் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

டீச்சர் ஒருநாள் வந்து சத்தம் போட்டார். அக்காவிடம் பாவாடை தைத்துப் போட்டு வளர்ந்தவர் அவர், அந்த உரிமையில் மூக்கை நுழைப்பார். "இது என்ன கொடுமைங்க? பாசித் திரையைக்கூடக் கழட்டிட்டீங்க. அவங்க எப்படி நடப்பாங்க?"

"நான் இருக்கேனே" என்றேன்.

"படிக்கட்டு வாசல்ல ஒரு தடுப்பாவது போடுங்க. எங்க வீட்டுக்காரரை வந்து அடிச்சுத் தரச் சொல்றேன்."

"பார்க்க நல்லா இருக்காது" என்றேன். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா, "விடு கண்ணு, அவளுக்குச் சின்ன வயசுலருந்து எதுவும் சரியா கிடைச்சதில்ல. ஆசைப்படுறா, செஞ்சுட்டுப் போகட்டும்" என்றாள்.

சார், அது உண்மைதான். எனக்குக் கிடைத்த சட்டையெல்லாம் அக்கா போட்டு முடித்தது. அவளே பிரித்து, எனக்கு அளவாகத் தைத்துக் கொடுப்பாள். அவ்வளவு நேர்த்தியாக இருக்கும், புதுசு என்றே எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் பழைய தையலைப் பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாக இருக்கும். போட்டிருக்கிற எனக்கு மட்டும் தெரியும். பள்ளிக்கூடத்தில் நான் கையால் அதை மறைத்துக்கொண்டே நடப்பேன். அதற்காக அக்காவை நான் வெறுத்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். எனக்கு அவள் மேல் ஒரு வருத்தமும் இல்லை.

வழி சொல்ல ஒன்றும் இல்லாமல் போனதும் அவள் என் குரலைப் பிடித்துக்கொண்டாள். "சின்னு, எங்க இருக்க?" என்பாள். "இங்கேதான் இருக்கேன்" என்பேன். கையை முன்னால் நீட்டிக்கொண்டு என்னை நோக்கி வருவாள். வந்து சேர்ந்ததும் என் தோளைத் தொட்டு, அப்பாடா என்று சிரிப்பாள். என் வாழ்நாளில் என்னைத் தேடி யாரும் அப்படி வந்ததில்லை. முதல் சில நாள் எனக்குக் கண்கூடக் கலங்கியது.

பிறகு சில சமயம் பதில் சொல்லாமல் இருந்து பார்த்தேன். அதையும் மறைக்கவில்லை. அவள் கூடத்தின் நடுவில் நின்று "சின்னு?" என்பாள். நான் சுவரோடு ஒட்டி, கையில் டீயோடு நிற்பேன். மூச்சைக்கூட மெதுவாக விடுவேன். அவள் என்னைக் கையெட்டும் தூரத்தில் கடந்து போவாள். "வெளிய போயிட்டாளோ?" என்று தனக்குத்தானே பேசிக்கொள்வாள். தரையைக் காலால் தடவி, அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். அப்படி உட்கார்ந்திருக்கிறவளைச் சுற்றி அந்தக் காலியான கூடத்தைப் பார்த்தால், சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகாக இருக்கும். ஒரே ஓர் உருவம், வெறும் தரை, ஜன்னல் வெளிச்சம். அவள் அழ ஆரம்பித்தால் நான் போய்த் தொட்டுவிடுவேன். "இப்பத்தான் வந்தேன்கா" என்பேன். நம்பிவிடுவாள். நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன்.

இதோ, இந்த மேஜை. இதன்மேல் ஒரு நீலக் கண்ணாடி ஜாடி இருந்தது. என் முதல் சம்பளத்தில் வாங்கி அக்காவிடம் காட்டக் கொண்டுவந்து இங்கே வைத்தேன். அவள் அழகா இருக்கு அழகா இருக்கு என்று சொல்லிவிட்டு, அடுத்த தடவை நான் வரும்போது அதில் நூல்கண்டு போட்டு வைத்திருந்தாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு நூலைக் கொட்டி, கழுவி, இந்த மேஜைமேல் தனியாக வைத்தேன். இந்த வீட்டில் நான் கையில் எடுத்து என்னையே கேட்டபோது, யோசிக்காமல் பிடிக்கும் என்று சொன்ன ஒரே பொருள். காலையில் வெயில் அதற்குள் நுழைந்து சுவரில் நீலமாக விழும். யாரும் போட்டு முடிக்காத பொருள் சார். எனக்கென்றே வந்தது.

அன்றைக்கு அக்கா கூப்பிட்டாள். நான் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று "இங்கேதான் இருக்கேன்" என்றேன். கையை நீட்டிக்கொண்டு வந்தாள். ஜாடி கையில் பட்டுக் கீழே விழுந்தது. சத்தத்தை வைத்தே அது என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "ஐயோ, உன் ஜாடியா? உனக்குப் பிடிச்சதாச்சேடி" என்று மண்டியிட்டுச் சில்லுகளைக் கையால் பொறுக்கினாள். விரலெல்லாம் வெட்டு. நான் சும்மா நின்றேன். எல்லாச் சில்லையும் பொறுக்கி முடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு மருந்து போட்டுக் கட்டினேன். கோபம் வரவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். வரவில்லை. பிடித்ததெல்லாம் போய், பிடிக்காதது மட்டும் மிச்சம் இருக்கிற வீட்டில் நிற்கிறேன் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

மறுநாள் அவளைக் கால்மிதிமேல் நிறுத்தினேன். "இது பிடிக்குமாக்கா?" என்று கேட்டேன்.

இந்தத் தடவை அவள் யோசிக்கவே இல்லை. "பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும் சின்னு. உயிருடி எனக்கு அது." இரண்டு பாதத்தையும் அதில் அழுத்தி ஊன்றிக்கொண்டாள். கட்டுப் போட்ட விரல்களால் என் கையைத் தேடினாள். "இதை மட்டும் எடுத்துடாத. உன் கால்ல வேணா விழறேன்."

முதல் தடவையாக அக்கா என்னிடம் ஒன்று கேட்டாள். என் கையில் இருப்பதை அவள் கேட்டாள். அந்தச் சுகம் என்னவென்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "பிடிச்சா யாரு எடுக்கப் போறா? வழியே அதுதானே" என்றேன். அவள் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சொன்ன சொல்லை நான் மீறவில்லை. கால்மிதியை நான் எறியவில்லை. அது இந்த வீட்டில்தான் இருக்கிறது. நீங்கள் உள்ளே வரும்போது ஷூவைத் துடைத்தீர்களே, அதுதான். அவள் தூங்கிய ராத்திரியில் எடுத்து, நன்றாகத் தட்டி, துவைத்து, காய வைத்து, கீழே படிக்கு எதிரே வாசலில் போட்டேன். கால்மிதி இருக்க வேண்டிய இடம் வாசல்தானே. நீங்களும் உங்கள் ஆட்களும் இத்தனை நாளாக அதைத் தாண்டித்தான் வந்து போகிறீர்கள். எதுவும் இடம் மாறியிருப்பதாக ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். காலையில் டீ போட்டேன். கீழே, வாசல் பக்கம், படிக்கு நேராக வந்து நின்றுகொண்டேன்.

"அக்கா, டீ ஆச்சு. வா."

"சின்னு, எங்க இருக்க?"

"இங்கேதான் இருக்கேன்."

மேலே அவள் நடந்து வருகிற சத்தம் கேட்டது. நடைக்கு வந்ததும் வேகம் குறைந்தது. அவள் எனக்குத் தெரிந்தாள். ஒரு கையை நீட்டி, காலை முன்னால் விட்டுத் தரையைத் தடவினாள். சொரசொரப்பு வரவில்லை. இன்னொரு தடவை தடவினாள். அவள் பெருவிரல் படியின் விளிம்புக்கு மிக அருகில் இருந்தது, இன்னும் ஒரு விரற்கடை போயிருந்தால் விளிம்பு தட்டுப்பட்டிருக்கும், தானே தெரிந்துகொண்டு நின்றிருப்பாள். ஆனால் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். முகத்தை என் குரல் வந்த பக்கம் திருப்பினாள். கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டாள், என்னைச் சந்தேகப்படுகிற மாதிரி இருந்துவிடக் கூடாதே என்பதுபோல.

"கால்மிதி எங்க சின்னு?"

டீச்சர் காதில் விழுந்தது இதுதான். இது வரைக்கும் அவர் சொன்னது சரி. நான் சொன்ன பதில் அவருக்குக் கேட்டிருக்காது, நான் எப்போதும் மெதுவாகப் பேசுகிறவள். எனக்குள் அந்த அம்மாள் சொன்ன கேள்வியைக் கேட்டுக்கொண்டேன், கையில் எடுக்காவிட்டாலும் கண்ணில் எடுத்து. பதில் உடனே வந்தது. அக்காவுக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன், எல்லாவற்றுக்கும், அந்தச் சட்டைகளுக்கும் சேர்த்து. பிறகு சொன்னேன்.

"இன்னும் தள்ளி இருக்குக்கா. தைரியமா வா."

சிரித்துக்கொண்டு வந்தாள்.

வலி தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். கீழே கிடந்தபோது கட்டுப் போட்ட அவள் விரல்கள் கால்மிதியைத் தொட்டுக்கொண்டிருந்தன. தேடினது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். டீ ஆறிப்போவதற்குள் குடித்துவிட்டு டீச்சரைக் கூப்பிட்டேன்.

எழுதிக்கொண்டீர்களா? எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். போவதற்கு முன்னால் வேண்டுமானால் மேலேயும் போய்ப் பாருங்கள். அவள் அறையைக் காலி செய்து சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டேன், ஆணி எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன். அழகாக இருக்கிறது. பிடித்ததை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்ந்தால் மனசு எவ்வளவு லேசாகிவிடுகிறது என்று அந்த அம்மாள் சொன்னது உண்மைதான். எனக்கு ஒரு குறையும் இல்லை. ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன். சில சமயம் மட்டும் இந்தக் கூடத்தைக் கடக்கும்போது, யாரும் கேட்காமலே, "இங்கேதான் இருக்கேன்கா" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறேன். அது வெறும் பழக்கதோஷம் சார்.